வலய வலிமையை அளத்தல்

தன் வட்டத்துள்ளேயே ஆடி வெல்லும் குழுவின் வலிமையை எங்ஙனம் அளப்பது? 1934இல் தொடங்கிய இரஞ்சிக் கிண்ணக் கிரிக்கெட் போட்டியில் இவ்வினா எழுந்தது. தென் வலயத்து வெற்றி மேல் வலயத்து வெற்றிக்கு நிகராகுமா? வலயங்களே நேருக்குநேர் மோதும் துலீப் கிண்ணம் 1961-62இல்தான் தோன்றிற்று. முதல் இறுதியாட்டத்தில் மேற்கு, தெற்கை வென்றது. பம்பாய் தொடர்ந்து பதினைந்து முறை இரஞ்சிக் கிண்ணத்தை ஏந்திய காலம் அது, ஆதலின் வியப்பில்லை.

கடல் கடந்த அளவையும் உண்டு. சென்னையும் இலங்கையும் 1953 முதல் கோபாலன் கிண்ணத்துக்குப் பொருதன. 1965 சனவரியில் அகமதாபாத்தில், மைக்கல் திசேரா தலைமையில் இலங்கை இந்தியாவையே நான்கு விக்கெட்டுகளால் வென்றது. ஆயினும் டெஸ்ட் தகுதி கிட்டியது 1981இலேயே! வென்று காட்டியோர்க்கே இத்துணைத் தாமதம் எனின், அளக்கப்படாதோர் நிலை யாது?

பதுளைத் தோட்டத்துச் சிறுவர் பெரும்பாலும் தம்முள்ளேயே ஆடுகின்றனர். அவர்களை வலிகுன்றியோர் என்பார், கண்டிக் குழுவொன்றை ஒருமுறை இம்மலைக்கு அனுப்பிப் பார்க்கட்டும்.