திசையனா, காவியா?

மைக்ரோகண்ட்ரோலருக்கு நிரல் எழுதுவோர் வாயில் ‘வெக்டார் டேபிள்’ என்ற பெயர் அடிக்கடி அடிபடும். டைமர் நிரம்பினாலோ பொத்தான் அமுங்கினாலோ குறுக்கீடு (இன்டெரப்ட்) நேரும்; செயலி கையிலுள்ள வேலையை நிறுத்திவிட்டு, அந்த அட்டவணையில் உரிய கட்டத்தைப் பார்த்து அங்குள்ள முகவரிக்குத் தாவும். சி மொழியில் எழுதினால் அது ஃபங்ஷன் முகவரிகளின் அணி. ஒற்றை வரிசை அணியை வெக்டார் என்பது கணக்கிலும் சி++ மொழியிலும் உண்டு. அதனால் இந்தப் பெயரும் அணியைத்தான் சுட்டுகிறது என்று தோன்றுவது இயல்பு. எனக்கு அது ஒப்பவில்லை. அணிதான் வெக்டார் என்றால், ‘டேபிள்’ என்று இன்னொரு சொல் எதற்கு?

1975இல் வந்த 6502 செயலியைப் பாருங்கள். நினைவக வெளியின் கடைசி 6 பைட்டுகளில் 3 முகவரிகள். ரீசெட்டுக்கு ஒன்று, தடுக்க முடியாத குறுக்கீட்டுக்கு ஒன்று, மற்ற குறுக்கீடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒன்று. ஒவ்வொரு முகவரியுமே ஒரு வெக்டார். அர்டுயினோ ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி சில்லிலோ 26 கட்டங்கள். அவற்றில் இருப்பது முகவரிகூட இல்லை, தாவச் சொல்லும் கட்டளை. அதற்கும் அதே பெயர்தான். ஆக, பெயர் வடிவத்துக்கு வைத்ததல்ல, வேலைக்கு வைத்தது.

அது என்ன வேலை? லத்தீனில் ‘வெஹெரே’ என்றால் சுமந்து செல்லுதல், ‘வெக்டார்’ சுமப்பவர். வெஹிக்கிளும் இந்த வேர்தான். கோளையும் சூரியனையும் இணைக்கும் கோட்டுக்கு வானியலார் இச்சொல்லை வைத்தார்கள். 1840களில் டப்ளின் கணிதவியலாளர் ஹாமில்டன் அதைக் கணிதத்துக்குள் இழுத்தார். மருத்துவத்தில் மலேரியா சுமக்கும் கொசுவும் வெக்டார்.

தமிழ்நாட்டில் வெக்டாரைத் ‘திசையன்’ என்பதுண்டு. கணக்குக்குச் சரி, குறுக்கீட்டு அட்டவணையில் திசை எங்கே இருக்கிறது? இலங்கைப் பாடநூல்கள் காவுதல், அதாவது சுமத்தல் என்ற வினையிலிருந்து ‘காவி’ என்று எடுத்துக்கொண்டன. நுளம்பும், அதாவது கொசுவும், அங்கே நோய்க்காவிதான். நம் ஊரில் காவி என்றால் துணியின் நிறம் நினைவுக்கு வரும். இருந்தாலும் செயலியை உரிய ஃபங்ஷனுக்குக் கொண்டுசேர்க்கும் முகவரிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு முரண் உண்டு. ஆர்ம் கார்டெக்ஸ்-எம் சில்லுகளின் அட்டவணையில் முதல் கட்டம் ஸ்டாக்கின் தொடக்க மதிப்பு. அது செயலியை எங்கும் காவிச் செல்வதில்லை. ரீசெட்டின் முகவரி இரண்டாம் கட்டத்தில்தான் வருகிறது.