ஜார்ஜ் டவுன்: வாடகைச் சட்டம் போன பிறகு

இந்த எபிசோடில் பினாங்குத் தீவுக்குப் போறோம். ஜார்ஜ் டவுன்னு சொன்னதும் நினைவுக்கு வருவது கீழே கடை, மேலே வீடு, முன்னால் அஞ்சடி நடைபாதைன்னு வரிசையாக நிற்கும் பழைய கட்டடங்கள். அவை இன்னும் நிற்பதற்கு ஒரு வாடகைச் சட்டமும் காரணம்னு நான் சொல்வேன்.

மலேசியாவின் 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948 பிப்ரவரிக்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கானது. குடியிருப்புக்கு மட்டுமில்ல, கடைக்கும் சேர்த்துத்தான். உரிமையாளர் நினைத்தபடி வாடகையை ஏற்ற முடியாது, ஆளைக் கிளப்பவும் முடியாது. அதனால்தான் பிரம்பு முடைபவர், சொங்கோக் தைப்பவர், பெயர்ப்பலகை செதுக்குபவர், பொற்கொல்லர் எல்லோரும் நகரத்தின் நடுவிலேயே தொழில் செய்ய முடிந்தது.

இதுக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தது அரசு இல்ல, கட்டடக்காரர்கள். சொற்ப வாடகை வாங்குபவர் ஓடு மாற்றுவாரா? கூரை ஒழுகியது, சுவர் பெயர்ந்தது. சில இடங்களில் முதல் குடித்தனக்காரரே அறைகளை உள்வாடகைக்கு விட்டுக் காசு பார்த்தார். ஆனா ஆளைக் கிளப்ப முடியாததால் இடித்து மாடி கட்டவும் முடியல. கட்டடங்கள் பாழாயின; அதே சட்டத்தால் பிழைத்தும் நின்றன.

1997-இல் சட்டத்தை நீக்க முடிவானது. அவகாசம் 1999 டிசம்பர் வரை. 2000 ஜனவரி 1 முதல் சந்தை வாடகை. பல மடங்கு உயர்ந்த வாடகையைத் தாங்க முடியாமல் பலர் கடையைக் காலி செய்தார்கள். இங்கதான் ஒரு வேடிக்கை: காலியான கட்டடங்கள் உடனே நிரம்பிடல. பல பூட்டியே கிடந்தன. சிலவற்றில் மனுஷங்களுக்குப் பதிலா, கூட்டுக்காக உழவாரக் குருவி வளர்த்தார்கள்!

2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி கொடுத்தது. பல இன மக்கள் சேர்ந்து வாழ்ந்த வணிக நகரம் என்பதும் அதற்கு ஒரு காரணம். ஆனா அந்த மக்களில் பலர் அதற்குள் கிளம்பியாச்சு. பிறகு வந்தவை பெரும்பாலும் கஃபேக்களும் விடுதிகளும்.

சட்டம் அப்படியே நீடித்திருக்கணும்னு நான் சொல்லல. ஊருக்கு ஒரு கைத்தொழில் வேணும்னா அந்தச் செலவை ஊரே பகிர்ந்திருக்கணும். முப்பது வருஷத்துக்கு மேல் அதைக் கட்டடக்காரர் தலையில் வைத்தார்கள். பிறகு ஒரே நாளில் கடைக்காரர் தலைக்கு மாற்றினார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருந்திருக்கணும்.