ஏலக்காய் ‘ஸ்டாக் இல்லை’யா? வாடிக்கையாளரின் இமெயிலைக் கேட்பது எப்படி?

தேனி மாவட்டம் போடியிலிருந்து ஏலக்காயை ஆன்லைனில் விற்கிறவர்களுக்கு இது பழகிய தலைவலி. 8 மி.மீ. காய் தீர்ந்துபோகும். பக்கத்துக்கு வந்தவர் ‘ஸ்டாக் இல்லை’ என்பதைப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போய்விடுவார். அதே இடத்தில் ‘சரக்கு வந்ததும் சொல்லவா?’ என்று ஓர் இமெயில் கட்டம் இருந்தால், அவர் திரும்பி வர வாய்ப்பு உண்டு.

கட்டத்தின் வகையை ‘டெக்ஸ்ட்’ என்று விட்டுவிடாமல் ‘இமெயில்’ என்று வையுங்க. அப்போதான் மொபைல் கீபோர்டில் @ குறி கண்ணெதிரே வரும். அது விடுபட்டால் பிரவுசரே தடுத்துவிடும். ஆனா ‘ஜிமெயில்’ ஸ்பெல்லிங்கில் எழுத்து மாறினால் பிரவுசருக்குத் தெரியாது. அதனால உடனே ஓர் உறுதி மெயில் அனுப்பிடுங்க.

சரக்கு இருக்கும்போது இந்தக் கட்டம் வேண்டாம். பணம் கட்டும் பக்கத்தில் எப்படியும் கேட்கப் போறோம்.

சரி, கையில் கிடைத்த முகவரிக்கு தீபாவளி ஆஃபர், கம்பம் திராட்சை விளம்பரம் எல்லாம் அனுப்பலாமா? கூடாது. எதற்காக வாங்கினோமோ அதற்கு மட்டும்தான் என்கிறது 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். விளம்பரம் அனுப்பணும்னா அதற்குத் தனியாக ஒரு டிக் கட்டம் வையுங்க. அந்த டிக்கை வாடிக்கையாளர்தான் போடணும், நீங்களே முன்கூட்டிப் போட்டு வைக்கக் கூடாது.