விண்வெளிக் கனவும் படைவலிமையும்: புள்ளலூர் முதல் ஸ்ரீஹரிகோட்டா வரை

நாளை எப்படி இருக்கும் என்ற கற்பனையே ஒரு நாட்டின் விண்வெளிக் கொள்கையை வகுக்கிறது. இந்தியாவில் அந்தக் கற்பனைக்குத் துணையாக ஒரு பழைய போரும் நினைவுகூரப்படுகிறது. அது நடந்த இடம் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர்.

1780 செப்டம்பர் 10 அன்று மைசூரின் ஐதர் அலியும் அவர் மகன் திப்புவும் கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கும்பெனிப் படையை இங்கே முறியடித்தனர். உதவிக்கு வந்திருக்க வேண்டிய கும்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ, கனமான பீரங்கிகளைக் காஞ்சிக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். மைசூர்ப் படையின் வாணங்கள் இரும்புக் குழலில் மருந்து கிட்டித்து, மூங்கில் கழியோ வாளோ பிணைத்து எய்யப்பட்டவை. பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வாணம் பட்டு வெடித்தன என்பது பரவலான கதை; பீரங்கிக் குண்டு என்பாரும் உண்டு. 1799இல் திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் வாணங்கள் இங்கிலாந்து சென்றன. வில்லியம் காங்கிரீவ் அவற்றை ஒட்டித் தம் ராக்கெட்டை உருவாக்கினார். அமெரிக்காவின் வாலப்ஸ் ஏவுதளத்தில் திப்புவின் வாணப்படை ஓவியத்தைக் கண்டதை அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் பெருமையோடு பதிவு செய்தார்.

இந்திய விண்வெளித் திட்டத்தைத் தொடங்கிவைத்த விக்ரம் சாராபாய் கண்ட நாளையோ வேறு. நிலவுக்கோ மனிதப் பயணத்துக்கோ வல்லரசுகளோடு போட்டியிடும் எண்ணம் நமக்கில்லை என்றார். அவர் கேட்டது கிராமத்துக்குத் தொலைக்காட்சி, விவசாயிக்கு வானிலை. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் பறந்தது. 1969இல் இஸ்ரோ பிறந்தது. 1975–76இல் அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் வழியே ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. கோழிவலைக் கம்பியால் செய்த, சுமார் 3 மீட்டர் அகலக் கிண்ணங்களே அலைவாங்கிகள். தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை.

சாராபாய் 1971இல் மறைந்தார். கலாம் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ஏவுகலம், 1980 ஜூலை 18 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 35 கிலோ ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் ஏற்றியது. 1982இல் அவர் பாதுகாப்பு ஆராய்ச்சித் துறைக்குப் போனார். 1989 மே 22 அன்று சீறிய அக்னி ஏவுகணையின் முதல் அடுக்கு, எஸ்.எல்.வி.-3இன் திட எரிபொருள் அடுக்கேதான். கிராமத்துக்காகக் கனவு கண்ட நுட்பம் படைக்கும் பயன்பட்டது. இதைத் தற்செயல் என்று சொல்வதற்கில்லை. பொக்ரான் அணுச்சோதனை நடந்த 1998இலேயே கலாமும் ஒய். எஸ். ராஜனும் எழுதிய ‘இந்தியா 2020’ வெளிவந்தது. வளர்ச்சியும் வலிமையும் அதில் ஒரே கனவு.

கார்கில் போருக்குப் பின், 2001இல் டி.இ.எஸ். கண்காணிப்புச் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2013இல் ஜிசாட்-7 கடற்படைக்கென்றே சென்றது. 2019 மார்ச் 27 அன்று ‘மிஷன் சக்தி’ சோதனையில் இந்தியா தன் செயற்கைக்கோளையே ஏவுகணையால் தகர்த்தது. அதே ஆண்டு பாதுகாப்பு விண்வெளி முகமையும் அமைந்தது.

சாராபாய் ஒதுக்கிய போட்டி இன்று அரசின் இலக்கு. 2035க்குள் சொந்த விண்வெளி நிலையம், 2040க்குள் நிலவில் இந்தியர் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. 2024 அக்டோபரில் 52 கண்காணிப்புச் செயற்கைக்கோள்களுக்கும் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்தது.