மூன்று நாடுகளுக்கு ஒரே பல்கலைக்கழகம்



தன்சானியாவின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரேயை அந்நாட்டு மக்கள் 'ம்வாலிமு' என்றுதான் அழைத்தார்கள். நமக்குப் பழக்கமான 'முஅல்லிம்' என்ற அறபுச் சொல்தான் சுவாஹிலி மொழியில் அப்படி மாறியிருக்கிறது. மரியாதைக்காகச் சூட்டிய வெறும் பெயரல்ல, அவர் உண்மையிலேயே பாடசாலை ஆசிரியர். உகண்டாவின் மக்கரேரே கல்லூரியில் ஆசிரியர் டிப்ளோமா முடித்தவர். அயல்நாட்டுக்குப் போய்ப் படித்துவந்த அந்த ஆசிரியர் பிற்காலத்தில் உகண்டா, கென்யா, தன்சானியா மூன்றுக்கும் பொதுவான கிழக்காபிரிக்கப் பல்கலைக்கழகத்தின் வேந்தரானார். அந்தப் பல்கலைக்கழகம் ஏழே வருடம்தான் நிலைத்தது.

மக்கரேரே 1922இல் கம்பாலாவில் ஒரு தொழில்நுட்பப் பாடசாலையாகத்தான் தொடங்கியது. தச்சு, கட்டட, இயந்திர வேலைகள் பழக வந்த 14 பையன்கள், அவ்வளவுதான். 1949இல் அது பல்கலைக்கழகக் கல்லூரியாகி லண்டன் பல்கலைக்கழகப் பட்டங்களுக்கு மாணவர்களை ஆயத்தம் செய்தது. நமக்கு இது புதினமல்ல. 1921இல் கொழும்பில் ஆரம்பித்த பல்கலைக்கழகக் கல்லூரியும் 1942வரை அதே லண்டன் பட்டங்களுக்குத்தான் பிள்ளைகளைத் தயார்படுத்தியது. ஆனால் மக்கரேரே ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. பிரித்தானியர் ஆண்ட கிழக்காபிரிக்கா முழுவதிலிருந்தும் கெட்டிக்காரப் பிள்ளைகள் அங்கேதான் போனார்கள். கென்யாவின் மூன்றாவது ஜனாதிபதி முவாய் கிபாக்கி, தன்சானியாவின் மூன்றாவது ஜனாதிபதி பெஞ்சமின் ம்காபா, கென்ய எழுத்தாளர் ங்கூகி வா தியோங்கோ எல்லோரும் மக்கரேரேக்காரர்கள்.

1956இல் நைரோபியில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரி திறக்கப்பட்டது. 1961 ஒக்டோபரில், தங்கனிக்காவுக்குச் சுதந்திரம் கிடைக்க ஒன்றிரண்டு மாதம் இருக்கும்போது, டார் எஸ் ஸலாமில் இன்னொரு கல்லூரி. (தாருஸ்ஸலாம்! சன்சிபார் சுல்தான் வைத்த பெயர்.) அதற்குச் சொந்தக் கட்டடம்கூட இல்லை, ஆளும் கட்சியின் கட்டடத்தில்தான் நடந்தது. இருந்தது சட்ட பீடம் மட்டும். மாணவர்கள் ஒரு சிறு வகுப்பறைக்கே காணாது.

1963 ஜூன் 5ஆம் திகதி மூன்று நாட்டுத் தலைவர்களும் நைரோபியில் கூடி, வருடம் முடிவதற்குள் ஒரே கூட்டாட்சியாக இணைவோம் என்று அறிவித்தார்கள். கென்யாவுக்கு அப்போது சுதந்திரம்கூடக் கிடைக்கவில்லை. அதே மாதக் கடைசியில் மூன்று கல்லூரிகளையும் சேர்த்துக் கிழக்காபிரிக்கப் பல்கலைக்கழகம் தொடங்கிவைக்கப்பட்டது. கூட்டாட்சி வரவேயில்லை. பல்கலைக்கழகம் மட்டும் வந்துவிட்டது.

அதன் ஏற்பாடு எளிமையானது. செலவு கூடிய பீடங்களை ஒவ்வோர் இடத்தில் மட்டும் வைப்பது. வைத்தியமும் விவசாயமும் மக்கரேரேயில், பொறியியலும் கால்நடை வைத்தியமும் நைரோபியில், சட்டம் டார் எஸ் ஸலாமில். வைத்தியராக விரும்பும் கென்யப் பிள்ளை கம்பாலாவுக்குப் போக வேண்டும். பொறியியலாளராக விரும்பும் உகண்டாப் பிள்ளை நைரோபிக்கு வர வேண்டும். ஒரு வைத்திய பீடத்துக்குப் போதனா வைத்தியசாலை வேண்டும், ஆய்வுகூடம் வேண்டும், பேராசிரியர்கள் வேண்டும். புதிதாகச் சுதந்திரம் பெற்ற மூன்று ஏழை நாடுகள் ஆளுக்கொன்று கட்டுவது வீண்செலவு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

சிக்கல் இடங்களில்தான் வந்தது. வெட்டுப்புள்ளி வெளியாகும் நாளில் எந்த மாவட்டத்துக்கு எத்தனை இடம் என்று நாம் ஒரே நாட்டுக்குள் படும் பாட்டை நினைத்துப் பாருங்கள். அங்கே மூன்று அரசாங்கங்கள். இத்தனையாம் வருடத்துக்குள் இத்தனை வைத்தியர் வேண்டுமென்று ஒவ்வொன்றும் தனித்தனித் திட்டம் போட்டு வைத்திருந்தது. தன் நாட்டு வைத்தியர்களின் எண்ணிக்கை அடுத்த நாட்டுத் தலைநகரில் தீர்மானிக்கப்படுவதை எந்த அமைச்சர்தான் நெடுநாள் பொறுப்பார்? 1967இல் நைரோபியில் வைத்திய பீடம் வந்தது, 1968இல் டார் எஸ் ஸலாமிலும் வந்தது. மக்கரேரே தனக்கென்று ஒரு சட்ட பீடம் தொடங்கியது. ஒன்றாகச் சேர்ந்ததற்கான காரணமே அத்தோடு போய்விட்டது. பொது நாணயம் 1966இலேயே பிரிந்திருந்தது. 1967 அருஷா பிரகடனத்தோடு தன்சானியா சோசலிசப் பாதையில் திரும்ப, கென்யா வேறு பக்கம் நடந்தது. கல்வி எதற்காக என்ற கேள்விக்கே இரு நாடுகளும் வெவ்வேறு விடை சொல்லத் தொடங்கின.

1970 ஜூலை 1ஆம் திகதி அது மூன்று தேசியப் பல்கலைக்கழகங்களாகப் பிரிந்தது. இந்தத் திகதியைக் கொஞ்சம் கவனியுங்கள். கிழக்காபிரிக்க ஒற்றுமை குலைந்ததற்கு இடி அமீனைக் காரணம் சொல்வது வழக்கம். இடி அமீன் ஆட்சியைப் பிடித்தது 1971 ஜனவரியில்தான். கிழக்காபிரிக்க சமூகம் உடைந்தது 1977இல், உகண்டாவும் தன்சானியாவும் போருக்குப் போனது 1978இல். பல்கலைக்கழகம் பிரிந்தபோது எல்லைகள் திறந்துதான் இருந்தன, மூன்று நாடுகளுக்கும் பொதுவான விமான சேவைகூட ஓடிக்கொண்டிருந்தது. சண்டை போடாமல், கூட்டங்கள் வைத்து, பேசி, முறைப்படிதான் பிரிந்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. ஒரு நாட்டுக்குத் தன் வைத்தியர்களைத் தானே உருவாக்கும் ஆசை நியாயமானதுதான். ஆனால் கணக்குப் புத்தகத்தில் வராத ஒன்றும் அத்தோடு குறைந்தது. உகண்டாவின் ஜனாதிபதி யொவேரி முசேவேனி 1967 முதல் 1970 வரை படித்தது டார் எஸ் ஸலாமில். கயானாவிலிருந்து வந்த வரலாற்றாசிரியர் வோல்டர் ரொட்னி கற்பித்துக்கொண்டிருந்த வளாகம் அது. பல நாட்டுப் பிள்ளைகள் ஒரே விடுதியில் இருந்து இரவிரவாக அரசியல் வாதாடிய காலம்.

தொடர்பு அடியோடு அறுந்துவிடவில்லை. பிரிந்த வருடமே ஒரு பல்கலைக்கழகங்களுக்கிடையிலான குழுவை அமைத்தார்கள். 1980இல் அது சபையாக மாறியது, தலைமையகம் கம்பாலாவில். 2017இல் கிழக்காபிரிக்கத் தலைவர்கள் தங்கள் நாடுகளை ஒரு பொது உயர்கல்விப் பரப்பாக அறிவித்தார்கள். இப்போது பேச்சு ஒரே பல்கலைக்கழகம் பற்றியல்ல, ஒருவர் பட்டத்தை மற்றவர் ஏற்பது பற்றி.

நமது பக்கத்திலும் ஒன்று இருக்கிறது. சார்க் நாடுகள் 2007இல் உடன்படிக்கை செய்து, 2010இல் புது டில்லியில் தொடங்கிய தெற்காசியப் பல்கலைக்கழகம். இலங்கை உட்பட எட்டு நாடுகளுக்கும் அது பொது. சார்க் தலைவர்களின் உச்சி மாநாடு 2014 நவம்பரில் காத்மண்டுவில் நடந்ததோடு நின்றுபோனது, பல்கலைக்கழகம் தொடர்ந்து நடக்கிறது. நமது நட்பு வட்டத்தில் அங்கே படித்துவந்தவர்கள் யாரும் இருந்தால், பாகிஸ்தானிய, ஆப்கானிய, நேபாள மாணவர்களோடு ஒரே வகுப்பில் இருந்த அனுபவத்தைக் கட்டாயம் எழுதுங்கள். உயர்தரப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.