கொடுக்கானும் நட்டுவக்காலியும்

நெடுந்தீவில் சாந்து பூசாமல் அடுக்கிய முருகைக்கல் மதிலும் வேலிதான். அதிலிருந்து சரிந்த கல்லைத் தூக்குமுன் காலால் ஒருதரம் தட்டிப் பார்ப்பது நல்லது. கீழே கொடுக்கான் கிடக்கும்.

கொடுக்கு உடையது கொடுக்கான், அதாவது தேள். தேளின் வால்நுனி முள் கொடுக்கு. ஊர்காவற்றுறைக் கரையில் வலையிலிருந்து கழற்றும் நீலக்கால் நண்டு விரலைக் கவ்வுவதும் கொடுக்கால்தான். குத்துவதற்கும் கவ்வுவதற்கும் தமிழில் ஒரே பெயர்.

‘தேள்’ இதைவிடப் பழைய சொல். மலையாளத்தில் தேள், கன்னடத்தில் சேளு, தெலுங்கில் தேலு. பலுசிஸ்தானத்துப் பிராகுயி மொழியிலும் இதன் உறவுச்சொல் உண்டு. இவ்வளவு தூரம் பிரிந்துபோன மொழிகள் காத்து வைத்திருப்பதால், இது மூலத் திராவிடச் சொல் எனலாம்.

பெரிய கருந்தேளுக்கு நட்டுவக்காலி என்று பெயர். நண்டுவாய்க்காலி என்பதே இப்படி மருவியது என்பர். நண்டையும் தேளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும்: இரண்டுக்கும் முன்னே ஒரு சோடி இடுக்கி, பின்னே நான்கு சோடி கால்கள். ஆனால் இந்த ஒற்றுமை மேலோட்டமானது. நண்டின் இடுக்கி அதன் முதற்சோடிக் கால். தேளின் இடுக்கியோ வாயை ஒட்டி முளைத்த உறுப்பு. நண்டுக்கு இரண்டு சோடி உணர்கொம்புகள் உண்டு, தேளுக்கு ஒன்றுமில்லை. ஆக, பெயரில் உள்ள ‘நண்டு’ உறவு சொல்லாது. ‘வாய்க்கால்’ மட்டும் உடற்கூற்றுக்குப் பொருந்திவிடுகிறது.

தேளுக்குக் கடலில் உள்ள நெருங்கிய உறவு, ஒடிசாக் கரையில் முட்டையிடும் குதிரைலாட நண்டு. பெயர்தான் நண்டு, இனம் வேறு. அதன் வயிற்றடியில் ஏடு ஏடாக அடுக்கிய செவுள்கள் இருக்கின்றன. தேளின் வயிற்றுக்குள்ளும் அதேபோல் ஏடடுக்கிய நுரையீரல்கள், நான்கு சோடி. ஏறத்தாழ 43 கோடி ஆண்டுப் பழைய பாறைகளிலேயே தேளின் புதைபடிவம் கிடைத்திருக்கிறது. தரையில் தேளுக்கு உறவு சிலந்தி. சிலந்தியும் தேளும் ஒரே மூதாதையிடமிருந்து இரட்டித்த மரபணுத் தொகுதியைப் பெற்றவை என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. வாலைச் சிலந்தி பிற்பாடுதான் இழந்தது: பர்மாவின் அம்பரில் அகப்பட்ட, 10 கோடி ஆண்டுப் பழைய சிலந்தி உறவினம் ஒன்றுக்கு நீண்ட வால் இருந்ததை 2018இல் அறிவித்தார்கள்.

நான்காவது பெயர் அறிவியல் இட்டது. டென்மார்க்கின் பெப்ரிசியஸ் 1798இல் இந்தியச் செந்தேளுக்கு ‘தாமுலுஸ்’ என்று பெயர் வைத்தார். தமிழுக்கு ஐரோப்பியர் அன்று வழங்கிய ‘தாமுல்’ என்ற வடிவம் அது. அந்தத் தேள் இன்று யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் இருக்கிறது. அதன் நஞ்சு இதயத்தைத் தாக்கும். பிராசோசின் என்ற மருந்து உயிர் காக்கும். ஆகவே கொடுக்கான் கொட்டினால், குறிப்பாகப் பிள்ளைகளுக்கு, மந்திரம் சொல்லிப் பார்வை பார்த்துப் பொழுதைப் போக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.