சூப்பர் பாண்டரோசா: ஒரு ஒட்டுக் கேமராவும் மக்னீஷியம் வெளிச்சமும்

பழைய ஃபிலிம் கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு கேமராவின் லென்ஸைக் கழற்றி இன்னொன்றில் மாட்டிப் பார்க்காமல் தூக்கம் வராது. பண்பொழியில் உட்கார்ந்துகொண்டு நான் செய்யும் இந்த வேலைக்கு நம்ம சீமையிலேயே ஒரு பெரிய முன்னோடி இருக்கிறார். மா. கிருஷ்ணன். 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய பெருங்குளம் அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை.

கிருஷ்ணனை இயற்கை எழுத்தாளராகத்தான் பலருக்கும் தெரியும். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950இல் தொடங்கிய பத்தியை 1996இல் சாகும்வரை, 46 வருடம், விடாமல் எழுதினார். தாவரவியல் படித்தவர், நன்றாக வரைவார், தமிழில் ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’ என்று ஒரு துப்பறியும் நாவல்கூட எழுதியிருக்கிறார். ஆனால் எனக்கு அவரிடம் பிடித்தது அவருடைய கேமரா.

அந்தக் கேமராவை நேரில் பார்த்த இ.பி. ஜீ என்ற அசாம் தேயிலைத் தோட்டக்காரர் (இவரும் காட்டுயிர்ப் படம் எடுத்தவர்தான்) 1964இல் வந்த தன் புத்தகத்தில் அதைக் கிண்டலும் மரியாதையுமாக விவரித்திருக்கிறார். உடல் ஒரு கம்பெனி, டெலி லென்ஸ் இன்னொரு கம்பெனி, மற்ற உறுப்புகள் எங்கெங்கிருந்தோ. எல்லாவற்றையும் கிருஷ்ணனே சேர்த்துக் கட்டியிருந்தார். ஷூ லேஸ் போட்டுக் கட்டியிருந்ததா என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் கம்பியும் வளையமும் நிச்சயம் இருந்திருக்கும் என்கிற தோரணையில் போகிறது ஜீயின் வர்ணனை. அதன் பெயர் ‘சூப்பர் பாண்டரோசா’. சுமப்பதற்கே ஒரு தெம்பு வேண்டும் என்பது பெயரிலேயே தெரிகிறது.

படிக்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் செய்து பார்த்தவனுக்குத்தான் கஷ்டம் தெரியும். ஒரு லென்ஸ் தூரத்துப் பொருளைக் கூர்மையாக விழவைக்க, ஃபிலிமில் இருந்து குறிப்பிட்ட தூரத்தில் நிற்க வேண்டும். அந்தத் தூரம் ஒவ்வொரு கேமராவுக்கும் வேறு. கொஞ்சம் தள்ளி நின்றாலும் மலை மங்கல், யானை மங்கல். நடுவில் வைக்கும் வளையத்தைக் கடைசலில் கொடுத்துச் செய்தால், அதன் முகம் சமமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் படத்தின் ஒரு பக்கம் தெளிவு, மறுபக்கம் கலங்கல். பிறகு வெளிச்சம் கசியக்கூடாது. ஊசிமுனை ஓட்டை போதும், ரோல் முழுக்கப் புகை படிந்த மாதிரி ஆகிவிடும். இத்தனையையும் சரிசெய்து, அதைக் கும்கியின் முதுகில் ஏற்றி, ஆடிக்கொண்டே காட்டு யானையைப் படம் பிடித்தார் கிருஷ்ணன். அதுவும் கறுப்பு வெள்ளையில்.

காசு இருந்தால் நல்ல சாமான் வாங்கியிருக்கலாமே என்று தோன்றும். காசு மட்டும் விஷயமில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமை. வெளிநாட்டுக் கேமராவும் லென்ஸும் நினைத்த நேரம் கிடைக்கிற பொருட்கள் இல்லை. ஃபிலிமுக்கும் அதே கதை. நம் நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று 1960இல் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தொடங்கப்பட்டது. உற்பத்தி வந்தது 1967இல். ‘இந்து’ என்ற பெயர் போட்ட அந்த ஃபிலிம் பெட்டியை ஐம்பது வயது தாண்டியவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்த ஆலை இப்போது மூடிக் கிடக்கிறது.

சரி, பகலில் கும்கி மேல் ஏறிப் போகலாம். ராத்திரி?

இந்த இடத்தில் வடக்கே போக வேண்டியிருக்கிறது. எஃப்.டபிள்யூ. சாம்பியன் என்று ஒரு வன அதிகாரி, ஐக்கிய மாகாணத்தில் சிவாலிக் அடிவாரக் காடுகளில் வேலை பார்த்தவர். நம் வனத்துறையில் காடுகளை வகைபிரிக்க ‘சாம்பியன்-சேத்’ முறை என்று சொல்வார்களே, அந்தச் சாம்பியன் இவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவர். இவருக்குப் புலியைச் சுட மனமில்லை, படம் எடுக்கத்தான் ஆசை. பாதைக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கம்பி. புலி வந்து இடறியதும் ஷட்டர் திறக்கும், பக்கத்தில் மக்னீஷியம் பொடி வெடிக்கும். புலி தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்ளும். பல வருடத் தோல்விக்குப் பிறகு அவர் எடுத்த படங்கள் 1925 அக்டோபரில் லண்டனின் ஒரு படப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் வந்தன. 1927இல் புத்தகமும் வந்தது.

அந்தப் பொடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மக்னீஷியம் நாடாவைக் கொளுத்திப் படம் எடுப்பது 1860களிலேயே உண்டு. அது மெல்ல எரியும், ஓடுகிற விலங்குக்கு உதவாது. 1887இல் ஜெர்மனியில் மீதே, கேடிக்கே என்ற இரண்டு பேர் மக்னீஷியத் தூளோடு பொட்டாசியம் குளோரேட்டும் ஆன்டிமணி சல்ஃபைடும் கலந்தார்கள். இப்போது அது பட்டென்று வெடித்தது. சிவகாசிக்காரர்களுக்கு இந்தக் கலவையை விளக்கவே வேண்டாம், இது பட்டாசு மருந்தேதான். புகை, நாற்றம், கை கருகுவது எல்லாம் இலவசம். பொடி வெடித்து உயிர் போன போட்டோகிராபர்கள் உண்டு. 1929-30இல் கண்ணாடிக்குள் அடைத்த ஃப்ளாஷ் பல்பு வந்த பிறகுதான் கொஞ்சம் நிம்மதி. அதே காலத்தில் அமெரிக்காவில் ஹெரால்டு எட்ஜர்டன் மின்னணு ஃப்ளாஷுக்கு வழி கண்டார்.

சாம்பியனின் படங்களில் யாரும் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. பக்கவாட்டில் விழுந்த வெளிச்சத்தில் புலியின் வரிகள் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததால், ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு என்று படங்களை வைத்தே ஆளை அடையாளம் சொன்னார். ஏறத்தாழ எழுபது வருடம் கழித்து நாகரஹொளேயில் உல்லாஸ் காரந்த் தானியங்கிக் கேமராக்களை வைத்துப் புலிகளைக் கணக்கிட்டது இதே அடிப்படையில்தான். 2018-19 தேசியக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். மூன்றரைக் கோடிக்குக் கொஞ்சம் குறைவான படங்கள், அதில் புலி 76,651. கம்பிக்குப் பதில் உணர்கருவி, பொடிக்குப் பதில் மின்னணு ஃப்ளாஷ் அல்லது அகச்சிவப்பு. மற்றபடி சாம்பியனின் பொறிதான்.

ஆனால் இரண்டு பேரில் யார் பக்கம் என்று கேட்டால், நான் கிருஷ்ணன் பக்கம். சாம்பியனின் பொறியில் படம் எடுக்கும் நேரத்தில் மனிதன் அங்கே இல்லை. விலங்கு திடுக்கிட்ட அந்தக் கணம் மட்டும் பதிவாகிறது. எண்ணுவதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். கிருஷ்ணனின் யானைகள் வேறு மாதிரி. மண்ணை வாரிப் போட்டுக்கொள்கின்றன, குட்டியை நடுவில் விட்டு நிற்கின்றன. பார்த்துக்கொண்டே காத்திருந்த ஒருவன் எடுத்த படம் அது.

இப்போது என் சோதனைக்கு வருகிறேன். காட்டுக்குள் போகவில்லை, அதற்கு அனுமதி வேண்டும். தோட்டத்துக் கிணற்றடித் தவளைதான் என் புலி. பழைய யாஷிகா மேட், 120 ஃபிலிம், ரோலுக்கு 12 படம். அதன் ஷட்டரில் எம், எக்ஸ் என்று இரண்டு குறி இருக்கும். பல்பு முழு வெளிச்சத்துக்கு வர ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் பிடிக்கும் என்பதால், எம்மில் வைத்தால் முதலில் பல்புக்கு மின்சாரம், பிறகுதான் ஷட்டர் திறக்கும். மின்னணு ஃப்ளாஷோ ஆயிரத்தில் ஒரு நொடியில் முடிந்துவிடும். ஒரே தவளையை இரண்டிலும் எடுத்துப் பார்த்தேன். எக்ஸில் தவளை, எம்மில் கும்மிருட்டு. ஷட்டர் திறக்குமுன்பே வெளிச்சம் வந்து போய்விட்டது. பழைய கேமரா வாங்கும் நண்பர்கள் முதலில் அந்தக் குறியைப் பாருங்க.

அடுத்தது தூரக் கணக்கு. என் ஃப்ளாஷின் வழிகாட்டி எண் 28, ஐஎஸ்ஓ 100க்கு, மீட்டரில். 28ஐத் தூரத்தால் வகுத்தால் துளை அளவு. 5 மீட்டருக்கு 5.6, இரண்டரை மீட்டருக்கு 11. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்வாசி ஆகிவிடும் என்பதுதான் இதற்குள் இருக்கும் விதி. யானையை ஃப்ளாஷில் எடுப்பது ஏன் லேசுப்பட்ட காரியம் இல்லை என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்.

எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்காத பிரச்சினை ஒன்று நம்ம ஊருக்கென்றே இருக்கிறது. ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் இந்தப் பக்கமும் பொசுபொசுவென்று அடிக்கும். கேமராவின் மேலேயே ஃப்ளாஷை வைத்து அடித்தால், லென்ஸுக்கு அருகில் பறக்கும் ஒவ்வொரு துளியும் வெள்ளைப் பொட்டாக விழும். படம் முழுக்கப் பொரி தூவின மாதிரி. திருமலைக் கோயில் மலை பின்னால் மங்கலாகத் தெரிய வேண்டும் என்று பார்த்தால், மலையே காணோம். ஒயரை நீளமாகப் போட்டு, ஃப்ளாஷை ஒரு பாகம் தள்ளிப் பக்கத்தில் இருந்து அடித்ததும் பாதிப் பொட்டுகள் போய்விட்டன. லென்ஸுக்கு முன்னால் இருக்கும் துளிகள் மீது இப்போது வெளிச்சம் விழவில்லை. தவளையின் முதுகுச் சொரசொரப்பும் அப்போதுதான் எழுந்து வந்தது. சாம்பியனின் புலிக்கு வரி தெரிந்ததும் இதே பக்க வெளிச்சத்தால்தான்.

மீதிப் பாதிப் பொட்டுகளுக்கு இன்னும் வழி தெரியவில்லை. ரோலில் நாலு படம் பாக்கி இருக்கிறது. ஃப்ளாஷைத் தவளைக்குப் பின்னால் வைத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன், தவளை சம்மதித்தால்.